ஏரியில் திருடன் படம் எடுத்த கதை

சினிமாவில் லொகேஷன் மேனேஜர் என்பவன், அடுத்தவர் வாசலில் நின்று "அஞ்சே நிமிஷம்" என்று கேட்டுவிட்டு அங்கேயே ஒரு வாரம் குடியிருக்கிறவன். கம்பெனிக்கு ஒரு வாக்குக் கொடுப்பான், ஊருக்கு ஒரு வாக்குக் கொடுப்பான். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காதவரை அவன் நல்ல மேனேஜர். கல்யாணத்தில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக நின்று பேசியவர்கள், அபார்ட்மென்ட் சங்கத்துக்குச் செயலாளர் ஆனவர்கள், எந்தப் பக்கம் கேட்டாலும் "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிப் பழகியவர்கள் எல்லாரும் என் கட்சிதான். உங்களில் அந்தக் கட்சிக்காரர்களுக்குச் சொன்னால்தான் இது விளங்கும்.

எனக்குச் சொந்த ஊர் காட்டூர். நெல் விளைகிற ஊர். பழவேற்காடு ஏரி எங்களுக்கு எட்டிப் பிடிக்கிற தூரம்தான் என்றாலும், மீன் வாங்கப் போவதைத் தவிர அங்கே எனக்கு வேலை இருந்ததில்லை. டைரக்டர் "பழவேற்காடு தெரியுமா?" என்று கேட்டார். "பிறந்து வளர்ந்த இடம் சார்" என்றேன். அதுவரை நான் உதவி மேனேஜர். இந்தப் படத்தை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் அடுத்த படத்திலிருந்து தனி மேனேஜர் என்று சொல்லியிருந்தார்கள். இந்த ஆசையில் மனிதன் எந்த ஏரியையும் பிறந்த இடம் என்பான்.

படம் சிரிப்புப் படம். ஒரு சில்லறைத் திருடன், ஒரு பெரிய இறால் ஏற்றுமதி முதலாளி. முதலாளி வீட்டில் திருடப் போன இடத்தில் திருடன் மாட்டிக்கொள்கிறான். முதலாளி போலீஸைக் கூப்பிடாமல், அவன் செருப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு வெறுங்காலோடு அனுப்பிவிடுகிறார். அவமானம் தாங்காத திருடன், தினம் ஒரு பொருளாக முதலாளியிடமிருந்து எடுக்கிறான். கடைசியில் இருவரும் ஏரியில் படகில் துரத்திக்கொள்கிறார்கள். இவ்வளவுதான் கதை.

கதை கேட்ட பஞ்சாயத்து

கோட்டைக்குப்பத்தை அடுத்த ஒரு சின்னக் குப்பத்தில் எடுப்பதாக முடிவானது. அனுமதி கேட்கப் போனேன். வலை பழுது பார்க்கிற கொட்டகையில் ஊர்ப் பஞ்சாயத்து கூடியிருந்தது. ஊர்த் தலைவர் எத்திராஜ், சுருக்கமாகப் பேசுகிறவர். "மொதல்ல கதைய சொல்லு" என்றார். சொன்னேன். அனுமதி கொடுப்பார்கள் என்று பார்த்தால், திருடன் மேலும் முதலாளி மேலும் விசாரணை ஆரம்பித்துவிட்டார்கள். செருப்பு ரப்பரா தோலா என்று ஒருவர் கேட்டார். ரப்பர் என்றேன். அப்படியானால் முதலாளி செய்தது கூடுதல் தப்பு என்றார். மாட்டினவனை ஊர் முன்னால் நிறுத்தாமல் தானே தண்டனை கொடுத்தது செல்லாது என்றார் இன்னொருவர். அரை மணி நேரம் வாதம் நடந்தது. முதலாளி செருப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், திருடன் ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பானது. அப்படிச் செய்தால் படமே இல்லையே என்றேன். அது உங்கள் பாடு என்றார்கள்.

பிறகு தலைவர் விஷயத்துக்கு வந்தார். ஊருக்குள் எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம், கோயில் வாசலில்கூட. ஒரே ஒரு நிபந்தனை. ஏரியில் வலை கட்டுவதற்கு அவர்களிடம் முறை உண்டு. இன்று இந்த இடம் யாருக்கு, நாளை யாருக்கு என்று சீட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு இருக்கிறவன் வலை தண்ணீரில் நிற்கும்போது அதன் பக்கம் யாரும் போகக்கூடாது, கலெக்டரே ஆனாலும். "நான் பாத்துக்கறேன்" என்றேன். வாய் தானாகச் சொல்லியது.

தலைவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த ஆளு செருப்ப அன்னிக்கே குட்த்திருந்தா, உங்களுக்கு இவ்ளோ தூரம் வர்ற வேலையே இல்ல."

முதலாளியிடம் மனு

முதலாளியாக நடித்தவர் நாடகத்திலிருந்து வந்தவர். வெள்ளைச் சட்டையும் தங்கச் சங்கிலியும் மாட்டிக் காரில் இறங்கினால் அசல் முதலாளி. நிஜத்தில் டீயில் சர்க்கரை குறைந்தால்கூடக் கேட்கத் தயங்குகிறவர். முதல் நாள் அவரைக் கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, லைட் சரி செய்யப் போனோம். திரும்பி வந்தால் நாற்காலியைச் சுற்றிப் பத்துப் பெண்கள். ஏதோ இறால் கம்பெனிக்காரர் வந்திருக்கிறார் என்று நினைத்து, ஐஸ் சரியாக வருவதில்லை, எடை போடுகிறவன் விரலை வைத்து அழுத்துகிறான், சின்ன இறால் என்று ஒதுக்குகிறான் என்று வரிசையாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு அம்மாவிடம் மட்டும் "எந்தத் தராசு?" என்று கேட்டிருக்கிறார். அதில் நம்பிக்கை கெட்டிப்பட்டுவிட்டது.

நான் போய் "இவர் நடிகர்மா, படத்துல வில்லன்" என்றேன். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. ஒருத்தி மட்டும் நகரவில்லை. தேசம்மா. புருஷன் இல்லாதவள், ஐம்பது வயதிருக்கும், அன்றிலிருந்து எங்கள் யூனிட் சமையலுக்குத் தினம் மீன் கொடுத்தவள். கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வில்லன்னு சொல்றே, எல்லாத்தையும் குந்திக்கினு கேட்டுக்கினாரே தம்பி. நெசமான மொதலாளி ஒருத்தனும் இன்னி வரைக்கும் வண்டிய வுட்டே எறங்கனதில்ல."

கை தட்ட மாட்டோம்

திருடன் முதலாளியின் ஊஞ்சலைத் தூக்கிக்கொண்டு தெரு வழியாக ஓடுகிறான், ஊரே கை தட்டுகிறது என்று ஒரு காட்சி. ஊர் ஜனங்களையே நிற்க வைத்தோம். ஹீரோ ஊஞ்சல் பலகையோடு ஓடினார். ஒருவரும் கை தட்டவில்லை. உதவி டைரக்டர் மைக்கில் கெஞ்சினார். மறுபடி ஓடினார். நான்கு பேர் தட்டினார்கள், அதுவும் கொசு அடிக்கிற மாதிரி. டைரக்டர் இறங்கி வந்து, "அவன் உங்களுக்காகப் பணக்காரனை எதிர்க்கிறான், சந்தோஷப்படுங்க" என்று விளக்கினார்.

முன் வரிசையில் நின்ற பெரியவர் நியாயமாகத்தான் கேட்டார்: "எங்களுக்காகன்னா, அந்த ஊஞ்சல் இப்ப யாரு வூட்டுக்குப் போவுது சார்?"

பெட்டியின் பாரம்

என் தலையெழுத்து மாறியது ஒரு தெர்மாகோல் பெட்டியால். திருடன், முதலாளியின் இறால் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு மணலில் ஓடிப் படகில் குதிக்கிறான். காலிப் பெட்டிதான் கொடுத்திருந்தோம். ஹீரோ சிரித்துக்கொண்டே மான் மாதிரி ஓடினார். டைரக்டர் ஓகே சொன்னார். கரையில் உட்கார்ந்திருந்த சகாயம் தலையில் அடித்துக்கொண்டான். சகாயம் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் சுமை வேலை பார்க்கிறவன். படகு ஓட்டத் தெரிந்தவன் என்பதால், லீவு போட்டுவிட்டுத் திருடனின் படகை ஓட்ட வந்திருந்தான்.

டைரக்டர் பார்த்துவிட்டார். என்னப்பா என்றார். பெட்டிக்குள் ஐஸ் இருந்தால் கழுத்து உள்ளே போகும், முட்டி மடங்கும், ஆள் சிரிக்க மாட்டான் என்று சகாயம் நடந்தே காட்டினான். டைரக்டருக்கு இது பிடித்துவிட்டது. யதார்த்தம் என்றார். அந்த வார்த்தை ஒரு டைரக்டர் வாயில் வந்தால் மேனேஜருக்குச் செலவு. பெட்டி நிறைய ஐஸ் கொட்டச் சொன்னார். ஹீரோ தூக்கினார். முட்டி மடங்கியது, கழுத்து உள்ளே போனது, எல்லாம் சகாயம் சொன்னபடியே நடந்தது. அதோடு இடுப்பும் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் ரிசார்ட்டில் குப்புறப் படுத்திருந்தார்.

வியாழக்கிழமை எடுக்க வேண்டிய படகுத் துரத்தல் சனிக்கிழமைக்குப் போனது. சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு ஹீரோ விமான நிலையத்துக்குக் கிளம்பியாக வேண்டும். அதற்கு மேல் ஒரு மாதத்துக்கு அவர் கால்ஷீட் கிடையாது. சனிக்கிழமை எடுக்காவிட்டால் படம் நிற்கும், படத்தோடு என் மேனேஜர் பதவியும் நிற்கும். எல்லாரும் சகாயத்தை முறைத்தார்கள்.

அவன் அலட்டிக்கொள்ளவில்லை. "எறா பொட்டி எப்டி தூக்கணும்னு கேட்டீங்க, சொன்னேன். தூக்கணுமானு கேட்டிருந்தா வோணாம்னு சொல்லியிருப்பேன்."

மடை முறை

துரத்தல் எடுக்க வேண்டிய இடம் ஏரி கடலில் சேருகிற முகத்துவாரம். சனிக்கிழமை அந்தப் பக்கம் யாருக்குப் பாடு என்று விசாரித்தேன். தேசம்மா வீட்டுக்கு. புருஷன் போன பிறகும் அவன் முறையை ஊர் ரத்து செய்யவில்லை. கொழுந்தன் மணி ஆட்களோடு போய் வலை கட்டுவான், தேசம்மாவுக்கு அதில் பங்கு வரும். எனக்கு மனம் லேசாகிவிட்டது. தெரிந்த பெண், தினம் மீன் கொடுக்கிறவள். இங்கேதான் நெல்லுக்காரன் புத்தி வேலை செய்தது. எங்கள் காட்டூரில் வாய்க்கால் தண்ணீருக்கு முறை உண்டு. எனக்கு அவசரம் என்றால் பக்கத்து வயல்காரரிடம் சொல்லி இன்றைய மடையை நான் திருப்பிக்கொள்வேன், என் முறையில் அவர் திருப்பிக்கொள்வார். அதே போலத்தான் இதுவும் என்று நினைத்தேன். அவள் வீட்டுக்குப் போய், "உங்க பாட்ட திங்கக்கிழமைக்கு மாத்திக்கோங்கக்கா" என்றேன், ஏதோ பஸ் சீட் மாற்றிக்கொள்ளச் சொல்கிற மாதிரி.

அவள் கோபப்படவில்லை. மாற்ற முடியாது என்பதை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்க்காரர்கள் முறை. திங்கட்கிழமை வேறு குடும்பம். விட்டால் விட்டதுதான், அடுத்து சீட்டுச் சுற்றி வரும்போதுதான் வரும். அதற்கு மேலும் ஒன்று இருந்தது. பொன்னேரியில் கட்டிக்கொடுத்த மகளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. சம்பந்தி வீட்டிலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள். ஏரிக்கரைக் குடும்பம் சம்பந்திக்கு விருந்து போட்டால் இலையில் இறால் இருக்க வேண்டும், அதுவும் முகத்துவாரத்து இறால். நாள் குறிக்கும்போதே தன் பாடு எப்போது வருகிறது என்று பார்த்துத்தான் குறித்திருந்தாள்.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவளே ஒரு வழி சொன்னாள். கழிகளை நட்டு வலை கட்டியிருப்பார்கள். தண்ணீர் வடிகிற வரை அது நிற்க வேண்டும், வடியும்போதுதான் இறால் உள்ளே தங்கும். ஐந்து மணிக்கு வலையைத் தூக்கிவிடுவார்கள். தூக்கியதும் அவள் கையைக் காட்டுவாள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் எப்படி வேண்டுமானாலும் துரத்திக்கொள்ளலாம். நான் ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்று எனக்கும் வெற்றிலை பாக்கு வைத்தாள். வாங்கிக்கொண்டேன்.

வாசல் வரை வந்து, நான் மறுபடி கேட்டுவிடுவேனோ என்கிற மாதிரி சொன்னாள்: "உங்க நெல்லு நீ வர்ற வரைக்கும் வயல்லயே நின்னுக்கினு இருக்கும் தம்பி. எறா நிக்காது."

பச்சைக் கொடி

சனிக்கிழமை எல்லாம் சரியாகவே ஆரம்பித்தது. மணல் திட்டில் கேமரா. திருடனின் படகில் ஹீரோவும் சகாயமும். முதலாளிக்குச் சென்னையிலிருந்து ஒரு ஸ்பீட் போட், அதை ஓட்ட வெளியூர் ஆள். நான் வலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படகில், கையில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியுமாக நின்றேன். தண்ணீரில் நனைந்து வாக்கி டாக்கி செத்துவிட்டதால் இந்த ஏற்பாடு. பச்சை காட்டினால் இரண்டு படகும் கிளம்பும். தேசம்மாவும் மணியும் இடுப்பளவுத் தண்ணீரில் கழிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். வலை நன்றாக இருந்தது. உள்ளே துள்ளுவது எனக்கே தெரிந்தது. மணி என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டினான்.

நாலு முப்பத்தைந்துக்கு மேற்கே மேகம் ஏறியது. வெளிச்சம் போகிறது என்று டைரக்டர் திட்டிலிருந்து இரண்டு கையையும் ஆட்டினார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி ஆட்டினார். ஹீரோ படகில் நின்று தன் கைக்கடிகாரத்தை எனக்குக் காட்டினார். நான் தேசம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலைக்கும் திட்டுக்கும் நடுவில் இடம் தாராளமாக இருப்பதாக எனக்குப் பட்டது. நாலு ஐம்பதுக்குப் பச்சைக் கொடியை ஆட்டினேன். யாரும் என் கையைப் பிடித்து ஆட்டவில்லை. நான்தான் ஆட்டினேன்.

சகாயம் கழிகளின் முனையைத் தொடாமல் திருடனைக் கொண்டுபோய்விட்டான். பின்னால் வந்த முதலாளியின் போட்டுக்கு அந்தக் கழிகள் என்னவென்றே தெரியாது. நேராக ஏறியது. இன்ஜின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டு, போட் வட்டமடித்து, முதலாளி குப்புற விழுந்து, அவர் தலையிலிருந்த விக் தண்ணீரில் மிதந்தது. ஹீரோ நடிப்பை மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திட்டிலிருந்து "நிறுத்தாதே, ஓட விடு, ஓட விடு" என்று டைரக்டர் கேமராக்காரரிடம் கத்துவது எனக்குக் கேட்டது. பிறகு எல்லாரும் கை தட்டினார்கள். இதற்கு மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மணி கத்தியை எடுத்துக்கொண்டு வந்து விசிறியிலிருந்து வலையை அறுத்தான். பாதி வலை போயிருந்தது, உள்ளே இருந்தது முழுக்கப் போயிருந்தது. தேசம்மா காலிக் கூடையைத் தண்ணீரில் அலசி, தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தாள். அவளைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. மணி என் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"அண்ணி கைய காட்டலியே. நானும் காட்டல. அப்பறம் நீ எத்த பாத்து கொடிய ஆட்னே?"

அபராதம்

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு நான் போகவில்லை. ரிசார்ட்டில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சென்னையிலிருந்து ஐஸில் போட்டு இறால் வரவழைத்துக் கொடுத்திருக்கலாம் என்பது எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தோன்றியது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை ஊர்ப் பஞ்சாயத்துக் கூப்பிட்டது. கிளம்பும்போது டைரக்டர் தோளில் கை போட்டு, "போட்காரன் தெரியாம வந்துட்டான்னு சொல்லிடு. அவன்தான் ஊருக்குப் போயிட்டானே" என்றார். நல்ல யோசனைதான். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கொட்டகையில் மணி அந்தக் கிழிந்த வலையை விரித்துப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்ததும் போட்காரன் கதை வாயில் வரவில்லை. "கொடி ஆட்டினது நான்தான். வலை நிக்கறது தெரிஞ்சே ஆட்டினேன்" என்றேன். கொட்டகையில் ஒரு அதிர்ச்சியும் இல்லை. அவர்களுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

கம்பெனி புது வலை வாங்கித் தர வேண்டும் என்றார் தலைவர். சரி என்றேன். போய்விட்ட முறைக்கு என்ன செய்வாய் என்று கேட்டார். முறையை யாரும் வாங்கித் தர முடியாது, அது சீட்டில்தான் வரும். ஊர்க் கட்டுப்பாட்டை மீறினால் அங்கே அபராதம் உண்டு. கட்டிவிட்டால் அதோடு பேச்சு முடியும், மறுநாள் எல்லாரும் பழையபடி டீக்கடையில் உட்காரலாம். எனக்கும் அதைத்தான் போடுவார்கள் என்று காத்திருந்தேன். எவ்வளவு சொன்னாலும் கட்டத் தயாராக இருந்தேன். தலைவர் எழுந்துவிட்டார். "எனக்கு அபராதம் சொல்லலியே" என்று நானே கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்துச் சாதாரணமாகத்தான் சொன்னார்: "அபராதம் நம்ப ஆளுக்குப் போடறது. உனக்கு எதுக்கு, நீ கெளம்பு."

மூன்று டிக்கெட்

படம் வந்தது, ஓடியது. சிரிப்பு எங்கே அதிகம் என்று கேட்டால் எல்லாரும் அந்த வலைக் காட்சியைத்தான் சொன்னார்கள். அதன் பேரில் எனக்குத் தனி மேனேஜர் பதவியும் கிடைத்தது. எனக்கு வாழ்த்துச் சொன்னவர்களிடம் நன்றி என்றேன், வேறென்ன சொல்வது. பொன்னேரி தியேட்டரில் ஊர்க்காரர்களுக்கு டிக்கெட் தருவதாகத் தலைவருக்குச் சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை. ஒரு வாரம் கழித்துத் தேசம்மா போன் செய்தாள். மூன்று டிக்கெட் வேண்டும் என்றாள். மகளுக்கு, தனக்கு, சம்பந்தியம்மாவுக்கு. அவள் மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். மனிதன் எதை வேண்டுமானாலும் தனக்குச் சாதகமாக நினைத்துக்கொள்வான்.

தியேட்டர் வாசலில் மகளையும் கைக்குழந்தையையும் சம்பந்தியம்மாவையும் உள்ளே அனுப்பிவிட்டு அவள் என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். வளைகாப்பன்று ஊரில் யாரிடமும் இறால் இல்லை. கடைசியில் கறிக்கோழி வாங்கிக் குழம்பு வைத்திருக்கிறாள். ஏரிக்கரையில் பெண்ணெடுத்தவர்களுக்கு இலையில் கோழி விழுந்ததும் முகம் மாறிவிட்டது. வலை கிழிந்துவிட்டது, சினிமாக்காரர்கள் படகை ஏற்றிவிட்டார்கள் என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. இறாலை ஏற்றுமதிக் கம்பெனிக்கு விற்றுவிட்டு எங்களுக்குக் கோழியைப் போட்டுவிட்டாள், அதை மறைக்கச் சினிமாக் கதை சொல்கிறாள் என்றே பொன்னேரியில் பேச்சு. குழந்தையைப் பார்க்க வந்தபோது மகளிடமும் அதையே சொல்லிக் காட்டினார்களாம். இத்தனையும் சொல்லிவிட்டு, அந்தக் காட்சி இடைவேளைக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்று மட்டும் கேட்டாள். பின்னால் என்றேன்.

அவர்களுக்குப் பின் வரிசையில் நான் உட்கார்ந்தேன். திருடனையும் முதலாளியையும் பார்த்து அவள் ஒரு தடவையும் சிரிக்கவில்லை. அந்தக் காட்சி வந்தது. போட் வலையில் ஏறியது, முதலாளி விழுந்தார், விக் மிதந்தது, தியேட்டரே அதிர்ந்தது. தேசம்மா சீட்டிலிருந்து பாதி எழுந்து திரையைக் காட்டினாள். "தோ, அந்த ஆள பாக்காதீங்க சம்பந்தி. கீழ பாருங்க, வலை கிழிஞ்ச எடத்துல. துள்ளிக்கினு போவுது பாருங்க." நான் அந்தக் காட்சியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கிழிசல் வழியாக வெள்ளை வெள்ளையாக அத்தனை இறாலும் வெளியே போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சம்பந்தியம்மா மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு முன்னால் குனிந்தார். சுற்றி எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல், தேசம்மாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஆமா சம்பந்தி," என்றார். "பெரிய எறாதான்."

திருடனைப் பற்றிப் படம் எடுக்கப் போன இடத்தில் நிஜமாகவே களவு போனது அந்த ஒரு நாள் இறால்தான், எடுத்தவன் பெயர் படம் முடிந்து எல்லாரும் எழுந்து போகிறபோது திரையில் 'லொகேஷன்' என்று போட்டுக் கொட்டை எழுத்தில் ஓடுகிறது.